தூங்கும் கம்ப்யூட்டரைப் பேர் சொல்லி எழுப்புவது



நம் ஓய்வு பெற்ற ஆசிரியர் வட்டத்தில் சென்ற வாரம் ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், உங்க கம்ப்யூட்டர் ராத்திரி தூங்கிட்டுத்தானே இருக்கு? அப்புறம் எப்படி ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா நகல் எடுக்குது?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் சொல்லிக் கொடுத்ததை நான் கேட்டு, நோட்டில் எழுதி, திரும்பச் செய்து பார்த்துப் புரிந்துகொண்டேன். பாடக்குறிப்பு எழுதிய கை. எழுதினால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும்.

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று தோன்றும்.

பாலவாக்கம், கொட்டிவாக்கம், நீலாங்கரை பக்கம் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் 43 பேருடைய காகிதங்கள் என் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஓய்வூதியப் புத்தகம், பணிப்பதிவேட்டின் முக்கியப் பக்கங்கள், ஓய்வூதிய ஆணை, கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ, வாரிசு நியமனப் படிவம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாம் அவரவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டு கொடுத்தவை. யாருக்கு எப்போது தேவைப்பட்டாலும் எடுத்துக் கொடுப்பேன்.

இதை ஆரம்பித்ததற்குக் காரணம் 2015 டிசம்பர் வெள்ளம். அந்த வெள்ளத்தில் வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் முக்கியமான காகிதங்களை எங்கே வைப்பார்கள்? கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில். தண்ணீர் முதலில் போவதும் அங்கேதான். வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால் முப்பத்தைந்து வருட உத்தியோகம் கூழாகிக் கிடந்தது என்று எத்தனை பேர் சொன்னார்கள்! 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் என்று இந்தக் கரையோரம் பார்த்தது கொஞ்சமா? காகிதம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதைத் தண்ணீரே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

சரி, ஸ்கேன் செய்தாயிற்று. அதோடு முடிந்ததா? இல்லை. டிரங்குப் பெட்டிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க். பெட்டி மாறியதே தவிர, இருப்பது இன்னும் ஓரிடத்தில்தான். அதுவும் பாலவாக்கத்தில். கடற்கரையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்றால் என்னவென்று தெரியும். ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி, சைக்கிள் செயின் எதையும் அது விடாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செம்புக்கும் ஈயப்பற்றுக்கும் மட்டும் தனிச்சலுகை கொடுக்குமா என்ன?

ஆகவே நகல் வேண்டும். நகலைத் தினமும் எடுக்க வேண்டும். மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டு செய்வது என்றால் இரண்டு வாரம் நடக்கும், மூன்றாவது வாரம் கல்யாணம், காதுகுத்து என்று விட்டுப்போகும். அதனால் தானாக நடக்க வேண்டும். யாரும் கம்ப்யூட்டரைத் தொடாத நேரத்தில், அதாவது ராத்திரியில் நடக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ராத்திரியில் கம்ப்யூட்டர் தூங்குகிறது.

"அப்படியானால் ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன். பையன் என்னையே கணக்குப் போடச் சொன்னான். "டீச்சர், நீங்கதானே எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றான்.

கணக்கு இதுதான். மேசைக் கம்ப்யூட்டர் சும்மா விழித்துக்கொண்டிருந்தாலே ஏறத்தாழ 60 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 1,440 வாட்-மணி. அதாவது 1.44 யூனிட். நமக்கு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 60 நாளுக்குக் கிட்டத்தட்ட 86 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு 2016இல் இலவசமாக்கியது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அதில் 86ஐ யாரும் உட்காராத கம்ப்யூட்டர் தின்றுவிட்டால் எப்படி? அதே கம்ப்யூட்டர் தூங்கும்போது இழுப்பது 2, 3 வாட்தான். 3 வாட் என்றே வைத்தாலும் 60 நாளுக்கு 4 யூனிட் சொச்சம். கரண்ட் காசு மட்டுமல்ல, ஓடிக்கொண்டே இருந்தால் மின்விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சூடும் சேரும்.

ஆக, தூங்கவும் வேண்டும், வேலை நேரத்தில் எழுந்திருக்கவும் வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெண்களிடம் உலகம் எதிர்பார்ப்பதும் இதையேதான் என்பது வேறு விஷயம்.

எழுப்புவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு 'வேக் ஆன் லேன்' என்று பெயர். லேன் என்பது வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலைப்பின்னல். அந்தக் கம்பி வழியாகவே ஒரு குரல் கொடுத்துத் தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்புவது. இது புதிய விஷயமே அல்ல. ஏஎம்டி நிறுவனம் 1995இல் 'மேஜிக் பாக்கெட்' என்ற பெயரில் இந்த முறையை எழுதி வெளியிட்டது. அதன்பின் இன்டெல்லும் ஐபிஎம்மும் சேர்ந்து 'வேக் ஆன் லேன்' என்ற பெயரில் பரப்பின. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் உள்ள அலுவலகங்களில், ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு எல்லாவற்றையும் எழுப்பிப் பராமரிப்பு வேலை பார்க்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். நாம் அதை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

அந்த மேஜிக் பாக்கெட்டுக்குள் என்ன மந்திரம் இருக்கிறது? ஆசிரியர்களுக்குப் புரிகிற உதாரணம் சொல்கிறேன். வருகைப் பதிவேடு.

வகுப்பில் பேர் கூப்பிடும்போது நாம் ஒவ்வொரு பிள்ளையின் காதருகில் போய்ச் சொல்வதில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிறது. ஆனால் யார் பேரோ அந்தப் பிள்ளை மட்டும் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்திருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு பேர் வைத்து அனுப்புகிறார்கள். 'மேக் முகவரி' என்பார்கள். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த பேர். அதில் முதல் பாதி, செய்த நிறுவனத்தைக் குறிக்கும், நம் பேருக்கு முன்னால் வரும் இனிஷியல் மாதிரி. மறுபாதி அந்தக் கார்டுக்கே உரியது.

மேஜிக் பாக்கெட் என்பது 102 பைட் கொண்ட சின்னத் தகவல். முதல் ஆறு பைட்டும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றும் 255. அது மேசையைத் தட்டி "இங்கே கவனிங்க" என்பது போல. அதன் பிறகு அந்தப் பேர், ஒரு தடவை அல்ல, 16 தடவை வரிசையாக வருகிறது. ஆறு பைட் பேர் 16 தடவை என்றால் 96. முன்னால் உள்ள ஆறையும் சேர்த்தால் 102. கணக்குச் சரியாக இருக்கிறதா?

ஏன் 16 தடவை? தூங்கும் கம்ப்யூட்டரில் மூளை வேலை செய்யவில்லை. நெட்வொர்க் கார்டில் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் துளி மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பகுதிக்குப் படிக்கத் தெரியாது, அர்த்தம் தெரியாது. "என் பேர் 16 தடவை தொடர்ந்து வந்ததா?" என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தெரியும். கம்பியில் ஓடும் ஆயிரம் தகவல்களுக்கு நடுவில் ஒரு பேர் தற்செயலாக ஒரு தடவை வந்துவிடலாம். 16 தடவை தற்செயலாக வராது. அதனால் பொய்யாக விழித்துக்கொள்ளும் தொல்லை இல்லை.

உங்கள் கம்ப்யூட்டர் தூங்கும்போது பின்பக்கம் கேபிள் சொருகும் இடத்தைப் பாருங்கள். சின்ன விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தால், அந்தக் காது திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி, குரல் கொடுப்பது யார்? எங்கள் வீட்டில் அது ஒரு ராஸ்பெரி பை. சீட்டுக்கட்டு அளவில் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்பிக்க வேண்டும் என்பதற்காகவே செய்து, 2012இல் விற்பனைக்கு விட்டார்கள். பிள்ளைகளுக்காகச் செய்தது, கடைசியில் டீச்சருக்குப் பயன்படுகிறது. அது நாள் முழுக்க விழித்திருந்தாலும் நான்கு வாட் அளவுதான் இழுக்கும். 60 நாளுக்கு 6 யூனிட்டுக்குள். அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க் இணைத்திருக்கிறது. இரண்டையும் மாடிப்படி ஓரம் உயரமான அலமாரியில், மூடிய பெட்டியில் வைத்திருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் அல்ல!

நடப்பது இதுதான். ராத்திரி சரியாக இரண்டு மணிக்குப் பை, மேஜிக் பாக்கெட்டை அனுப்புகிறது. பிறகு கம்ப்யூட்டர் எழுந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறது. பதில் வந்ததும், காகிதங்கள் உள்ள ஃபோல்டரைப் பார்த்து, நேற்றிலிருந்து புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் தன் டிஸ்க்கில் எடுத்து, அன்றைய தேதி போட்டு வைக்கிறது. முடிந்ததும் கம்ப்யூட்டர் மறுபடி தூங்கப் போகிறது. அதிகபட்சம் அரை மணி நேரம். முப்பது நாள் தேதிகளையும் தனித்தனியாக வைத்திருப்பதால், இன்று ஒரு கோப்பு கெட்டுப்போய் நான்கு நாள் கழித்துத் தெரிந்தாலும் பழையதை எடுக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நகல் வைத்திருப்பவன் வந்து எடுத்துக்கொள்கிறான். இது வேண்டுமென்றே செய்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வருகிறதே, அது என் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டால் இணைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். ஆனால் பையின் டிஸ்க்கைத் திறக்கும் சாவி என் கம்ப்யூட்டரிடம் இல்லை. பைக்கும் என் ஃபோல்டரைப் படிக்க மட்டும்தான் அனுமதி, அழிக்க அனுமதி கிடையாது. ஒருவர் கெட்டுப்போனாலும் மற்றவர் பிழைப்பார்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரு டிஸ்க், அதிலேயே நகல் என்றால் இத்தனை தேவையில்லை. விண்டோஸிலேயே இந்த நேரத்துக்கு எழுந்து இந்த வேலையைச் செய் என்று அலாரம் வைக்க வழி இருக்கிறது. நகல் வைத்திருப்பவர் வேறு ஆளாக இருந்து, அவர் வசதிப்படி எழுப்ப வேண்டும் என்றால்தான் இந்த முறை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, என் நோட்டிலிருந்து.

ஒன்று. கம்பி வேண்டும். வைஃபையில் தூங்கும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ரவுட்டரோடு தொடர்பை விட்டுவிடும். கூப்பிட்டால் கேட்காது. லேன் கேபிள் போட்டுவிடுங்கள்.

இரண்டு. அனுமதி இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் வரும் பயாஸ் அமைப்பில் ஒன்று. விண்டோஸில் நெட்வொர்க் கார்டின் பண்புகளில் இன்னொன்று. அங்கேயே 'மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு' என்று ஒரு தேர்வு இருக்கும். அதையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் யார் கதவைத் தட்டினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று. 'ஷட் டவுன்' செய்யாமல் 'ஸ்லீப்' கொடுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. அது இருக்கும்போது ஷட் டவுன் செய்தால், கூப்பிட்டாலும் எழுந்திருக்காது.

நான்கு. இதுதான் எங்களை மூன்று ராத்திரி அலைக்கழித்தது. ஆள் யாரும் தொடாமல் கம்ப்யூட்டர் தானாக விழித்தால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்படி விண்டோஸில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. எழுந்திருக்கும், நகல் ஆரம்பிப்பதற்குள் படுத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் உட்கார்ந்து கண்ணைத் திறந்து, நாம் அடுக்களைக்குப் போனதும் திரும்பச் சாயும் பிள்ளைகள் மாதிரியேதான். அந்த நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். மின்சேமிப்பு அமைப்புக்குள் மறைந்திருக்கிறது. பையன்தான் தேடி எடுத்தான்.

ஐந்து. கரண்ட் போய் வந்தால் சில கம்ப்யூட்டர்கள் காதை மூடிக்கொள்ளும். ஒரு தடவை கையால் போட்டு, மறுபடி தூங்க வைத்தால்தான் கேட்கும். நம் ஊரில் கரண்ட் போவது அதிசயமா? ஆகவே யுபிஎஸ் நல்லது.

ஆறு. இந்தக் குரலுக்குப் பூட்டு கிடையாது. பேர் தெரிந்த யாரும் எழுப்பலாம். வீட்டுக்குள் இருக்கும்வரை பயமில்லை. வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக எழுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு ரவுட்டரில் வாசலைத் திறந்து வைக்காதீர்கள்.

ஏழு. மேஜிக் பாக்கெட்டுக்கு "உள்ளேன்" என்ற பதில் வராது. கூப்பிட்டவருக்குக் கேட்டதா இல்லையா என்பது தெரியாது. அதனால்தான் பை தனியாக விசாரிக்கிறது. பத்து நிமிடத்துக்குள் எழுந்திருக்காவிட்டால் என் போனுக்கு ஒரு மின்னஞ்சல் போடுகிறது. காலையில் பல் தேய்க்கும் முன் அதைத்தான் பார்ப்பேன்.

இனி, ஏன் இத்தனை என்று கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களோடு வேலை பார்த்த சார் ஒருவர். பெயர் வேண்டாம், வட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2015இல் வேளச்சேரியில் தண்ணீரில் பெட்டியை இழந்தவர்களில் அவரும் ஒருவர். அதன்பின் அலைந்து திரிந்து, ஆணைகளின் நகல்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருந்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். 31 பக்கம். உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தோம். "இனி இது போனாலும் பரவாயில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு, அதாவது அவர் வந்து போன அதே ராத்திரி, பை தன் வேலையைச் செய்தது. சனிக்கிழமை காலை என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டது. மத்தியானத்துக்குள் நின்றுவிட்டது. கடைக்காரத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். 43 பேருடைய காகிதங்கள், அந்த 31 பக்கம் உட்பட, எல்லாம் அந்த டிஸ்க்கில். புது டிஸ்க் போட்டு, அலமாரியில் இருந்ததைத் திங்கட்கிழமை திரும்ப ஏற்றினோம். ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. வியாழக்கிழமை ஸ்கேன் செய்த வரிசையிலேயே இருந்தது.

நான்கு மாதம் கழித்து சார் தவறிவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்க அவர் மனைவி ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். கோப்பு கிடைக்கவில்லை, ஆணை எண்ணும் தேதியும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சார் வைத்திருந்த மஞ்சப் பை, வீடு மாறிய அமளியில் எங்கே போனதோ. அக்கா என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், அவர் உங்க கிட்ட ஏதோ கொடுத்து வச்சிருக்கேன்னு சொல்வாரே" என்றார்கள். குரல் நடுங்கியது. அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. மகனுக்கும் நிலையான வேலை இல்லை.

31 பக்கமும் அச்செடுத்துக் கொடுத்தேன். எண், தேதி, அக்காவின் பிறந்த தேதி, சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் அதில் இருந்தது. அந்த எண்ணை வைத்து அவர்களே தேடிக் கோப்பைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதம் ஆனது. பாக்கியும் சேர்த்து வந்தது. பணம் வந்த அன்று அக்கா போன் செய்து, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று மட்டும்தான் கேட்டார்கள். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் இருந்திருந்தால்? எனக்கு அடிக்கடி வரும் நினைப்பு இது. 102 பைட். ஒரு தபால் கார்டில் எழுதும் விஷயத்தைவிடக் குறைவு.

நகல் எடுப்பது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடிக்கு ஆயுள் சில தலைமுறைதான். செல்லரிக்கும், உளுக்கும், ஓரம் முறியும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். அப்படி எழுதாமல் விட்டது போயிற்று. எழுதி வைத்தது வந்து சேர்ந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, ஒரே ஓர் ஏட்டை வைத்தா செய்தார்? ஊர் ஊராகப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுச் செய்தார். ஒன்றில் சிதைந்த இடம் இன்னொன்றில் இருந்தது. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வீட்டில் நகல் இருந்ததால்தான் நமக்குச் சிந்தாமணி முழுதாகக் கிடைத்தது. அவர் பெயரால் 1943இல் தொடங்கிய நூலகம் இதோ நமக்குப் பக்கத்தில் பெசன்ட் நகரில் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அச்சுப் புத்தகங்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள். அவற்றை நுண்படமாகவும் டிஜிட்டலாகவும் நகல் எடுத்துக் காக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதி இருந்ததை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அங்கே மட்டும் இருந்ததை? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து எழுத்துக்களுக்காகத் தொடங்கிய நூலகம் திட்டமும் எத்தனை பெரிய காரியம் என்பது அப்போதுதான் புரிகிறது. ஒரு கட்டடம் எரிந்தாலும் முழுகினாலும் இனி எழுத்து போகாது.

நம் காகிதங்கள் சிந்தாமணி அல்ல. ஆனால் அந்த அக்காவுக்கு அந்த 31 பக்கம்தான் சோறு.

அதனால் பாலவாக்கத்தில் இரண்டு நகல் இருப்பதோடு நிறுத்தவில்லை. என் கம்ப்யூட்டரும் அலமாரியும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. புயல் வந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வரும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்று இதற்கு ஒரு பொது விதி சொல்வார்கள். எங்கள் மூன்றாவது நகல் திருச்சியில் என் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. கையடக்க டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்று அங்கே இருக்கும்போது இன்னொன்று இங்கே நிரம்பும். போகிற வருகிறவர்கள் கையில் மாற்றிக்கொள்வோம். அதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருப்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை ஒட்டிய கவரில் எழுதி வட்டத்தில் இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறேன். நாளை நான் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும் அல்லவா? எனக்கும் வயது ஏறுகிறது.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, நகலிலிருந்து யாராவது ஒருவருடைய காகிதத்தை எடுத்துத் திறந்து படித்துப் பார்ப்பேன். குலுக்கல் சீட்டில் யார் பேர் வருகிறதோ அவருடையது. பரீட்சை வைக்காமல் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது என்று எந்த ஆசிரியரும் எழுதிக் கொடுக்க மாட்டார். திறந்து பார்க்காத நகலும் அப்படித்தான்.

நீங்கள் எல்லோரும் ராஸ்பெரி பை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த வாரம் மூன்று காரியம் மட்டும் செய்யுங்கள். ஓய்வூதியப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, வாரிசு நியமனப் படிவம் மூன்றையும் போனிலாவது படம் எடுங்கள். வேறு வீட்டில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ ஒரு பிரதி கொடுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டுக்காரருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். ஸ்கேனர் இல்லாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வருவதற்கு முன் ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள்.

வேக் ஆன் லேன் அமைப்பதில் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைப் பையனிடம் கேட்டுச் சொல்கிறேன். இப்போதெல்லாம் அவன்தான் எனக்கு வாத்தியார்.